பல்லாவரத்தில் கிடைத்த கல்: காலத்துக்குப் பெயர்ச்சீட்டு எழுதிய புரூஸ் பூட்

சென்னை கடற்கரை நிலையத்தில் தாம்பரம் செல்லும் மின்சார ரெயிலில் ஏறுங்கள். பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம் என்று ஒவ்வொரு நிலையமாகப் போகும். அடுத்தது பல்லாவரம்.

பல்லாவரத்தில் இறங்குவோர் பலர். வேலைக்குப் போவோர், சந்தைக்குப் போவோர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என்று எல்லோரும் அவசரமாக நடக்கிறார்கள். தாங்கள் நடக்கும் மண்ணில்தான் இந்திய நாட்டின் கற்கால வரலாறு தொடங்கியது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

அந்த வரலாற்றைத் தொடங்கி வைத்தது ஒரு கல். அந்தக் கல்லைக் குனிந்து எடுத்தவர் ஒரு வெள்ளைக்காரர். அவர் பெயர் ராபர்ட் புரூஸ் பூட்.

நாள்: 1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி.

யார் இந்தப் பூட்?

புரூஸ் பூட் இங்கிலாந்தில் செல்ட்டனாம் என்ற ஊரில் 1834-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி பிறந்தவர். அவர் படித்தது மண்ணையும் பாறையையும் பற்றிய படிப்பு.

அப்போது இந்தியாவில் மண்ணியல் அளவைத்துறை என்ற அரசாங்க இலாகா வேலை செய்து கொண்டு இருந்தது. எங்கே நிலக்கரி இருக்கிறது, எங்கே இரும்புத் தாது இருக்கிறது என்று ஆராய்வது அதன் பணி. 1858-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பூட் அதில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24. அவருக்குக் கிடைத்த பகுதி சென்னை மாகாணம்.

அது கடினமான வேலை. கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். வெயிலில் அலைய வேண்டும். ஆற்றங்கரை, ஓடை, குன்று, குழி என்று ஒன்றையும் விடாமல் பார்க்க வேண்டும். பார்த்ததை அன்றன்றே குறித்து வைக்க வேண்டும்.

பார்த்ததை உடனே எழுதி வைக்கும் இந்தப் பழக்கம்தான் பிற்காலத்தில் அவருக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது.

சரளைக் குழியில் ஒரு கல்

பல்லாவரம் அந்தக் காலத்தில் பட்டாளத்து ஊர். சிப்பாய்கள் அணிவகுக்கும் மைதானம் அங்கே இருந்தது. அதன் அருகே செம்மண் சரளை வெட்டி எடுத்த குழி ஒன்றும் இருந்தது.

பூட் அந்தக் குழியைப் பார்க்கப் போனார். வெட்டிக் கொட்டிய சரளைக் குவியலில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. மற்றவர்களுக்கு அது வெறும் கல். பூட்டுக்கோ அது மனிதன் செய்த ஆயுதம்!

அவர் அதை எப்படிக் கண்டுகொண்டார்?

ஆற்றில் உருண்டு வரும் கல்லின் விளிம்பு மழுங்கிப் போகும். மலையில் இருந்து விழுந்து உடையும் கல் கோணல் மாணலாக உடையும். ஆனால் மனிதன் தட்டிச் செய்த கல்லில் ஓர் ஒழுங்கு இருக்கும். முதலில் ஒரு பக்கம் தட்டிச் சில்லு பெயர்ப்பான். பிறகு கல்லைத் திருப்பி மறுபக்கம் தட்டுவான். இரண்டு பக்கமும் சேரும் இடத்தில் கூரான விளிம்பு உண்டாகும். கையில் பிடித்து வெட்டவும் தோல் உரிக்கவும் அது உதவும். இதற்குக் கைக்கோடாரி என்று பெயர்.

இதே போன்ற கற்கள் பிரான்சு நாட்டில் சோம் ஆற்றங்கரையில் கிடைத்து இருந்தன. அங்கே பூச்சர் தெ பெர்த் என்பவர் அவற்றைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வந்தார். முதலில் அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. 1859-ம் ஆண்டில் இங்கிலாந்தில் இருந்து அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து, அவை மனிதன் செய்தவைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தச் செய்தி உலகம் எங்கும் பரவியது. பூட்டும் அதை அறிந்து இருந்தார். அதனால்தான் பல்லாவரத்துக் கல் அவரை நிறுத்தியது.

பூட்டுக்கு அப்போது வயது 28.

ஒரு கல் போதுமா?

போதாது என்பது பூட்டுக்குத் தெரியும்.

பல்லாவரத்தில் கல் கிடைத்தது, வெட்டிப் போட்ட குவியலில். அது மண்ணில் எந்த ஆழத்தில் கிடந்தது, எந்த அடுக்கில் இருந்து வந்தது என்று அறுதியாகச் சொல்ல முடியாது. நேற்று யாரோ கொண்டு வந்து போட்ட கல் என்று ஒருவர் வாதாடினால் என்ன செய்வது?

ஆகவே பூட் தேடினார். அவருடன் அதே துறையில் வேலை பார்த்த வில்லியம் கிங் என்பவரும் சேர்ந்து கொண்டார். நான்கு மாதம் கழிந்தது. 1863-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி இருவரும் அத்திரம்பாக்கம் என்ற ஊரை அடைந்தார்கள். சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில், கொசத்தலை ஆற்றுப் பக்கம் உள்ள கிராமம் அது.

அங்கே ஓடை அரித்த கரையில் கற்கருவிகள் கிடந்தன. ஒன்றிரண்டு அல்ல, ஏராளம்! அவை மண் அடுக்கிலேயே பதிந்து இருப்பதையும் கண்டார்கள். பல்லாவரத்துக் கல்லுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

இந்தச் செய்திகளை எல்லாம் பூட் கட்டுரையாக எழுதினார். 1866-ம் ஆண்டில் அது சென்னையில் இருந்து வெளிவந்த அறிவியல் இதழ் ஒன்றில் அச்சாயிற்று.

பெயர் இல்லாத காலம்

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும்.

பல்லாவரத்துக் கல்லைப் பழைய கற்காலக் கருவி என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லுவார்கள். ஆனால் பூட் அதை எடுத்த அன்று அந்தப் பெயரே வழக்கில் இல்லை!

டென்மார்க் நாட்டில் தாம்சன் என்பவர் அருங்காட்சியகம் ஒன்றைக் கவனித்து வந்தார். அங்கே பழம்பொருள்கள் கலந்து கிடந்தன. அவர் அவற்றைக் கல், வெண்கலம், இரும்பு என்று மூன்றாகப் பிரித்து அடுக்கினார். முதலில் கற்காலம், அடுத்தது வெண்கலக் காலம், கடைசியில் இரும்புக் காலம் என்றார். இது 1836-ம் ஆண்டில் நூலாக வெளிவந்தது.

பிறகு 1865-ம் ஆண்டில் லப்பக் என்ற ஆங்கில அறிஞர் கற்காலத்தையும் இரண்டாகப் பிரித்தார். கல்லைத் தட்டிச் செய்த காலம் பழைய கற்காலம். கல்லைத் தேய்த்து வழவழப்பாக்கிய காலம் புதிய கற்காலம்.

அதாவது, பல்லாவரத்துப் பிள்ளை பிறந்து இரண்டு ஆண்டு கழித்துத்தான் அதற்குப் பெயர் சூட்டு விழா நடந்தது!

மூன்று காலம், ஒரே ஊர்

காலத்துக்குப் பெயர் எதற்கு? எல்லாவற்றையும் பழைய காலம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே? போகலாம் என்று நினைப்பவர்கள் பல்லாவரத்தைப் பார்க்க வேண்டும்.

பூட் எடுத்த கைக்கோடாரி அந்த ஊரில் கிடைத்தது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அதிகாரி அங்கே தோண்டியபோது, சுட்ட மண்ணால் செய்த, கால்கள் வைத்த ஈமப்பேழைகள் கிடைத்தன. இறந்தவர் எலும்புகளை அதில் வைத்துப் புதைத்தார்கள். அது இரும்பு ஆயுதம் செய்யத் தெரிந்த மக்களின் வழக்கம். அதே ஊர்க் குன்றில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7-ம் நூற்றாண்டில் குடைவித்த குகையும் இருக்கிறது.

மூன்றும் பழையவைதான். ஆனால் மகேந்திரவர்மனுக்கும் நமக்கும் இடையே உள்ளது சுமார் 1,400 ஆண்டு. ஈமப்பேழை அதற்கும் பல நூற்றாண்டு முந்தியது. கைக்கோடாரிக்கோ லட்சக்கணக்கான ஆண்டு வயது! கொள்ளுப்பாட்டனையும் பேரனையும் ஒரே வயது என்று எழுதினால் குடும்பக் கணக்கு என்ன ஆகும்? நாட்டுக் கணக்கும் அப்படித்தான்.

சாம்பல் மேட்டின் ரகசியம்

பூட் 33 ஆண்டுகள் மண்ணியல் துறையில் உழைத்தார். கர்னூல் பக்கம் பில்லா சுர்கம் குகைகளை ஆராய்ந்தார். 1884-ம் ஆண்டில் அங்கே நடந்த ஆராய்ச்சியில் அவருடைய மகன் ஹென்றியும் பங்குகொண்டார்.

தெற்கே திருநெல்வேலிச் சீமைக்கும் போனார். அங்குள்ள சிவந்த தேரி மணலில் சின்னஞ்சிறு கற்கருவிகள் கிடப்பதைக் குறித்து வைத்தார்.

பெல்லாரிப் பக்கம் பெரிய பெரிய சாம்பல் மேடுகள் இருந்தன. அவை எப்படி வந்தன என்பது யாருக்கும் தெரியவில்லை. அம்பிக்கு அருகே உள்ள மேட்டை, இராமாயணத்து வாலியைத் தகனம் செய்த சாம்பல் என்று ஊரார் சொன்னார்கள். எரிமலை கக்கியது என்று நினைத்தவர்களும் உண்டு.

பூட் மேட்டைச் சுற்றி என்ன கிடக்கிறது என்று பார்த்தார். தேய்த்து வழவழப்பாக்கிய கற்கோடாரிகளும் பானை ஓடுகளும் கிடந்தன. புதிய கற்கால மக்கள் மாட்டுப் பட்டியில் குவிந்த சாணம் எரிந்து உண்டான மேடு அது என்று முடிவு கட்டினார். 1950-களில் ஆல்ச்சின் என்ற அறிஞர் உட்னூர் என்ற ஊரில் இப்படிப்பட்ட மேட்டைத் தோண்டினார். மாட்டுக் குளம்பின் தடங்களே அங்கே கிடைத்தன. பூட் சொன்னது சரியாயிற்று!

மாமனார் சேர்த்தது பழமொழி

பூட் மணந்தது பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியாரின் மகளை. இந்தப் பெர்சிவல் தமிழ் கற்ற வெள்ளைக்காரர். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது பைபிளைத் தமிழாக்கினார். அந்த வேலையில் அவருக்குத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர். பிறகு சென்னைக்கு வந்து, 1855-ம் ஆண்டில் "தினவர்த்தமானி" என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளையும் திரட்டி அச்சிட்டார்.

மாமனார் திரட்டியது மக்கள் வாயில் கிடந்த பழமொழி. மருமகன் திரட்டியது மக்கள் காலடியில் கிடந்த கல். இரண்டுமே கேட்பாரற்றுக் கிடந்த செல்வங்கள்தாம்.

பெர்சிவல் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்து 1882-ம் ஆண்டில் காலமானார். பூட்டும் பிற்காலத்தில் ஏற்காட்டையே தம் ஊராக்கிக் கொண்டார்.

வாழ்நாள் கணக்கு

1891-ம் ஆண்டில் பூட் ஓய்வு பெற்றார். ஆனால் வீட்டில் சும்மா உட்காரவில்லை. பரோடா சமஸ்தானத்தில் மண்ணியல் ஆராய்ச்சி செய்தார். 1894-ம் ஆண்டில் மைசூர் சமஸ்தானத்தில் மண்ணியல் இலாகா தொடங்கியபோது அதற்கும் பொறுப்பு ஏற்றார். போன இடம் எல்லாம் கல் சேர்த்தார்.

இப்படிச் சேர்ந்தவை பல ஆயிரம். அவை கிடைத்த இடங்கள் 450-க்கும் மேல்!

1904-ம் ஆண்டில் சென்னை அரசாங்க அருங்காட்சியகம் இந்தச் சேகரிப்பை விலை கொடுத்து வாங்கியது. எழும்பூரில் உள்ள அந்த அருங்காட்சியகத்தில் பூட் சேகரிப்பு ஒரு பெருஞ்செல்வம்.

ஆனால் கல்லைக் கொடுத்தால் மட்டும் போதுமா? எந்தக் கல் எங்கே கிடைத்தது என்று எழுதாவிட்டால் அது மறுபடியும் வெறும் கல்லாகிவிடும். ஆகவே எழுபது வயதைத் தாண்டிய பூட் உட்கார்ந்து பட்டியல் எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் எண், அது என்ன பொருள், எந்த ஊரில் கிடைத்தது என்ற விவரம் என்று எழுதிக்கொண்டே போனார்.

அந்த நூல் அச்சாகி வருவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் அவர் காலமானார். அவருக்கு வயது 78.

நூல் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. பொருள்களின் பட்டியல் 1914-ல் வந்தது. அவற்றின் காலத்தையும், அவை பரவிக் கிடக்கும் இடங்களையும் பற்றிய குறிப்பு 1916-ல் வந்தது.

கிடைத்த பொருள் ஒரு நூலில், அதன் வயதைப் பற்றிய கருத்து இன்னொரு நூலில். இந்தப் பாகுபாட்டில் பெரிய பாடம் இருக்கிறது. கருத்து மாறலாம். கல் கிடைத்த ஊர் மாறாது.

மாறிய பெயர்ச்சீட்டு

கருத்து மாறத்தான் செய்தது.

பூட், காலத்தைப் பழைய கற்காலம், புதிய கற்காலம், இரும்புக் காலம் என்று வகுத்து, இரும்புக் காலத்தையும் முற்பகுதி, பிற்பகுதி என்று பிரித்தார். பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருந்தது என்று நினைத்தார். குஜராத்தில் சபர்மதி ஆற்றங்கரையில் இரண்டுக்கும் இடையே கனமான மண் படிந்து இருந்ததே அதற்குக் காரணம்.

பிற்கால ஆராய்ச்சி அந்த இடைவெளியை நிரப்பியது. சின்னஞ்சிறு கற்கருவிகளைச் செய்த இடைக் கற்கால மக்கள் அந்த நடுவில் வாழ்ந்தார்கள் என்று தெரிந்தது. திருநெல்வேலித் தேரிகளில் கிடைத்த கருவிகளை 1956-ல் சாய்னர், பிரிஜெட் ஆல்ச்சின் என்ற இரு அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள்.

பெயர்களும் மாறின. 1930-ல் கேமியாட், பர்க்கிட் என்ற இருவர் பெயரை விட்டு எண்ணைப் பிடித்தார்கள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று நான்கு வரிசை வகுத்தார்கள். 1961-ல் டெல்லியில் ஆசியத் தொல்லியல் மாநாடு நடந்தது. அதில் முந்திய கற்காலம், நடுக் கற்காலம், பிந்திய கற்காலம் என்ற பெயர்கள் ஏற்கப்பட்டன. பிறகு அதுவும் மாறிக் கீழைப் பழங்கற்காலம், இடைப் பழங்கற்காலம், மேலைப் பழங்கற்காலம் என்ற பெயர்கள் வந்தன.

பல்லாவரத்துக் கல் அப்படியேதான் இருக்கிறது. அதன் கழுத்தில் கட்டும் பெயர்ச்சீட்டுதான் மாறிக்கொண்டே வந்தது!

கம்ப்யூட்டரிலும் அதே சிக்கல்

இன்று தொல்லியல் பட்டியல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்யும். ஊகித்துக்கொள்ளாது. ஒருவர் இரும்புக் காலம் என்று எழுதுகிறார். இன்னொருவர் அதே தாழியைப் பெருங்கற்காலம் என்று எழுதுகிறார். கம்ப்யூட்டருக்கு இவை இரண்டு வேறு காலங்கள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. அகப்படாத பொருள் இல்லாத பொருளாகிவிடும்.

ஆண்டுக் கணக்கிலும் குழப்பம் உண்டு. கரி அணுவை அளந்து வயது சொல்லும் முறையில், இன்றைக்கு இத்தனை ஆண்டுக்கு முன் என்று எழுதுவார்கள். அந்த "இன்று" எது தெரியுமா? 1950-ம் ஆண்டு! உலகம் எங்கும் ஆராய்ச்சிக்கூடங்கள் அப்படி ஒரு வழக்கத்தை வைத்து இருக்கின்றன. இன்றைக்கு 3,000 ஆண்டுக்கு முன் என்றால், அது கி.மு. 1050-ஐ ஒட்டிய காலம். அதை ஒருவர் கவனக்குறைவாகக் கி.மு. 3000 என்று ஏற்றிவிட்டால் சுமார் இரண்டாயிரம் ஆண்டு பிழை!

ஊருக்கு ஊரும் கணக்கு வேறு. எல்லா ஊரிலும் ஒரே நாளில் கல்லை எறிந்துவிட்டு இரும்பை எடுக்கவில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பு கிடைத்த அடுக்கின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாகக் கூறுகிறது. அறிஞர்கள் அதை ஆராய்ந்து வருகிறார்கள். அதை ஏற்றால், தெற்கே இரும்பு புழங்கிய நாளில் பெல்லாரி மக்கள் இன்னும் கற்கோடாரியைத் தேய்த்துக்கொண்டு இருந்தார்கள் என்று ஆகும்.

ஆகவே வெறும் பெயர் போதாது. எந்த ஊருக்கு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, யார் சொன்னது, எதை அளந்து சொன்னது என்று நான்கையும் பெயருடன் சேர்த்து எழுத வேண்டும். பழைய பெயரை அழிக்கவும் கூடாது. அழித்தால் பழைய நூல்களைப் படிக்கும்போது வழி தெரியாமல் போகும்.

பதினைந்து லட்சம் ஆண்டு!

பூட்டுக்கு ஒரு குறை இருந்தது. எது முந்தியது, எது பிந்தியது என்று அவரால் சொல்ல முடிந்தது. எத்தனை ஆண்டு என்று சொல்ல முடியவில்லை. அதை அளக்கும் முறை அவர் காலத்தில் இல்லை.

அவரும் கிங்கும் கண்ட அத்திரம்பாக்கத்தில், சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 1999 முதல் தோண்டி ஆராய்ந்தார்கள். அங்குள்ள பழமையான கைக்கோடாரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் அறிவித்தார்கள். அதற்குப் பிற்பட்ட இடைப் பழங்கற்காலக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே தொடங்கிவிட்டன என்று 2018-ல் அறிவித்தார்கள். உலகமே அத்திரம்பாக்கத்தைத் திரும்பிப் பார்த்தது.

இவர்கள் தோண்ட வேண்டிய இடத்தை முதலில் சுட்டிக் காட்டியது எது? 1863-ம் ஆண்டில் ஓர் இளைஞர் எழுதி வைத்த குறிப்புதான்.

ஏற்காட்டில் பரிசுத்த திரித்துவ ஆலயம் இருக்கிறது. கல்கத்தாவில் இறந்த பூட்டின் அஸ்தி அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டது. சேர்வராயன் மலைக் குளிரில் அவர் உறங்குகிறார்.

பல்லாவரம் மாறிவிட்டது. 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் அது ஒரு பகுதி. சரளைக் குழி இருந்த பக்கம் வீடுகளும் கடைகளும் சாலைகளும் வந்துவிட்டன. வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது, மண்ணோடு மண்ணாக இன்னொரு கல்லும் வெளியே வரலாம். இரண்டு பக்கமும் தட்டிய தடம் அதில் இருந்தால், தூக்கி எறிந்துவிட வேண்டாம். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி, கல்லோடு அருங்காட்சியகத்தில் கொடுத்தால் போதும்.

காலத்தின் பெயரை அறிஞர்கள் எழுதிக்கொள்வார்கள். கிடைத்த இடத்தை எழுத வேண்டியவர், கல்லைக் கண்டெடுத்தவர்தான்.